அக்மல் வீட்டு ஜாகா

எங்கள் தெருவில் ராக்காயி அக்காவைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். அதை மறைப்பதற்கில்லை. மூலை வீட்டுப் பழனியப்பன் அண்ணனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. பள்ளிவாசல் பக்கத்துக் குல்ஜார் பேகம் மாமி இன்றைக்கும் அவள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். என் கூடப்பிறந்த தம்பி ஷாஹ்ருல் பல மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இவர்கள் எல்லோரையும் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நிறுத்தி, வந்த வழியே திருப்பி அனுப்பியவள் அவள்தான். பேசுகிறவர்கள் பேசிவிட்டுப் போகட்டும். ஐந்து நேரமும் தொழுதுவிட்டு என் மகனுக்காக நான் கையேந்தும்போது, அந்த மாரியம்மன் பக்தைக்காகவும் சேர்த்துத்தான் கேட்கிறேன். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

நாங்கள் இருப்பது ஈப்போ சிலிபினில், தாமான் என்கிற குடியிருப்பில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். எங்களுக்கும் ராக்காயி அக்காவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அவள் கணவர் சதாசிவம் அண்ணன் தும்மினால் இந்தப் பக்கம் என் கணவர் நூஹு திடுக்கிட்டு எழுவார். அக்கா என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள். குடிவந்த புதிதில் மரியாதையாக "நீங்க" என்று பேசிப் பார்த்தேன். "நீங்க நாங்கன்னா எனக்கு ஆபீஸ்ல நிக்கிற மாரி இருக்கு லா. நீன்னே பேசு நஸ்ரியா" என்றாள். அன்றிலிருந்து நீதான்.

பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அம்மா இருவரும் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் கைமாறி, ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியே வந்தார்கள். தங்கை முத்தம்மா பீடோரிலேயே வாழ்க்கைப்பட்டுத் தங்கிவிட்டாள். இவள் ஈப்போவுக்கு வந்தாள். "தோட்டத்து ஞாபகம் வருமா அக்கா?" என்று ஒரு தடவை கேட்டு வைத்தேன். "என்ன ஞாபகம்? அட்டையும் கொசுவும்தான். தண்ணிக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை. இங்க ஃபேன் போட்டுக் காலை நீட்டிப் படுக்கிறேன், போதும் லா" என்று முடித்துவிட்டாள்.

கையுறைத் தொழிற்சாலையில் கொஞ்ச காலம், ஹோட்டல் சலவையில் கொஞ்ச காலம் என்று அலைந்து, கடைசியில் ஒரு சீனப் பள்ளிக்கூடத்தில் ஜாகாவாகச் சேர்ந்தாள். கேட்டில் நிற்கிற காவலாளிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை, கழுத்தில் விசில். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற சீனப் பெற்றோரைக் கான்டனீஸில் அதட்டுவாள். வேன்காரர்களை மலாயில் அதட்டுவாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து எங்களைத் தமிழில் அதட்டுவாள். அது என்ன குரல் என்கிறீர்கள்! சுவருக்கு இந்தப் பக்கம் என் அடுப்பில் பால் பொங்குவதை அந்தப் பக்கத்திலிருந்து மோப்பம் பிடித்து அவள் கத்தினால், பால் தானாக அடங்கிவிடும் போலிருக்கும்.

ஆனால் மாரியாத்தாள் என்று வந்துவிட்டால் அவள் குரல் தாழ்ந்துவிடும். வருஷா வருஷம் பீடோருக்குப் போய்த் தீச்சட்டி ஏந்துவாள். ஆத்தாளைப் பற்றி யாரும் விளையாட்டுக்குக்கூட ஒரு சொல் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி அந்தப் பக்கம் போகும். அவள் வீட்டு முறுக்கு இந்தப் பக்கம் வரும். அவரவர் தெய்வம் அவரவர் வீட்டில் பத்திரமாக இருந்தது.

அக்மலுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது பிள்ளை வெளுத்துப் போனான். ஓடி விளையாடிய பையன் சோபாவில் சுருண்டு படுத்தான். காலெல்லாம் அடிபடாமலே நீலம் பூத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், முதுகில் ஊசி குத்தினார்கள், ரத்தப் புற்றுநோய் என்றார்கள். யா அல்லாஹ், என் ஆறு வயதுப் பிள்ளைக்கா? நூஹு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. பொறுமையானவர். இந்த நோய் குணமாகிற நோய் என்றார். ஆனால் நோயைக் கொல்ல ஏற்றுகிற மருந்து, கிருமியோடு சண்டை போடுகிற நல்ல அணுக்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். மற்ற பிள்ளைக்குச் சாதாரணச் சளியாக வந்து போவது இவனைப் படுக்கையில் தள்ளிவிடும். புற்றுநோயை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கிருமியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். உடம்பு சுட்டால் மாத்திரை கொடுத்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள், அந்த நிமிஷமே கொண்டு வாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். அன்றைக்கு எங்களோடு துணைக்கு வந்திருந்த ராக்காயி அக்கா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் சுற்று மருந்து முடிந்து அக்மலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வந்ததும் ஊரே திரண்டு வந்தது. எங்கள் ஜனங்களைத்தான் தெரியுமே. உடம்பு முடியாதவனைப் பார்க்க வராமல் இருந்தால் அது ஆயுசுக்கும் பகை. பார்க்க வந்தவனை உள்ளே விடாமல் இருந்தால் அது அதைவிடப் பெரிய பகை. மைலோ டின்னும் பிஸ்கட்டுமாக வந்தார்கள். வெட்டிய பப்பாளியோடு வந்தார்கள். கன்னத்தைக் கிள்ளினார்கள், முத்தம் கொடுத்தார்கள், மொட்டைத் தலையைத் தடவித் தடவி அழுதார்கள். ஒருவர் இருமிக்கொண்டே துஆ ஓதினார். நூஹு தடுப்பாரா என்று பார்த்தேன். ஆனால் நூஹுவுக்கு "வாங்க வாங்க" என்பதைத் தவிர வேறு சொல் தெரியாது. இருபது வருஷமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிற மனிதர். கடையில் சோறு தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வராது. முட்டை பொரித்தாவது ஒருவரை உட்கார வைத்துவிடுவார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. வீட்டில் அப்போதும் ஆட்கள். "பனடோல் குடு, தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிரும்" என்றார் ஒருவர். "கண்ணு பட்டிருக்கும், மொளகா சுத்திப் போடு" என்றார் இன்னொருவர். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து இதைக் கேட்ட ராக்காயி அக்கா நேரே உள்ளே வந்தாள். "டாக்டர் என்னா சொன்னாங்க? சுட்டா ஓடி வான்னு சொன்னாங்களா, மொளகா சுத்துன்னு சொன்னாங்களா? பாய், கார் சாவி எங்க?" என்று கத்தினாள். நூஹு கைலியோடு காரை எடுத்தார்.

ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் காரைவிட்டுத் தானே இறங்கி நடந்த பிள்ளைக்கு, உள்ளே போய்ச் சேர்வதற்குள் கைகால் சில்லிட்டுவிட்டது. ஒரு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கு நடுவில் கிடந்தான். அவன் கண் திறந்து, அத்தா கடையின் கோழிக்குழம்பு வேண்டும் என்று கேட்ட அன்றுதான் எனக்கு உயிர் திரும்பி வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. இனிமேல் வீட்டில் ஆட்களைச் சேர்க்கவே கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

"எப்படி லா சொல்றது? வீட்டுக்கு வந்தவங்கள எப்படிப் போங்கன்னு சொல்றது?" என்று நூஹு தவித்தார். எனக்குச் சொல்லத் தெரியும். ஆனால் நான் சொன்னால் அது சொல்லாக இருக்காது, சண்டையாகத்தான் இருக்கும். அப்போது ராக்காயி அக்கா கையை நீட்டினாள். "கேட்டு சாவியக் குடு பாய். நீங்க ரெண்டு பேரும் நல்லவங்களாவே இருங்க. கெட்டவ வேலைய நான் பாத்துக்கிறேன். எனக்கு இதுதானே தொழில்."

அன்று வாங்கியவள்தான். மத்தியானம் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் எங்கள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். சனி ஞாயிறு என்றால் முழுநாளும்.

குல்ஜார் பேகம் மாமி ஒரு போத்தலில் ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா கேட்டைத் திறக்கவில்லை. "குடுங்க மாமி, வெளியவே வெச்சிருங்க. பையன் கொதிச்ச தண்ணிதான் குடிக்கணும்."

மாமிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "ஓதின தண்ணியில கிருமி வருமா?"

"ஓதினதுல வராது மாமி. போத்தல்ல வரும்."

பழனியப்பன் அண்ணன் கோயில் விபூதியோடு வந்தார். நல்லவர்தான், ஆனால் வரும்போதே இருமினார். "அண்ணே, பாலேக் போங்க" என்றாள். திரும்பிப் போ என்று மலாயில் சொன்னால் கோபம் குறையும் என்று நினைத்தாளோ என்னவோ. "நான் கோயில் செயலாளர், தெரியும்ல?" என்று அவர் மீசையைத் தடவினார். "அப்ப கோயில்லயே இருங்க லா அண்ணே. அங்கேருந்தே வேண்டிக்கிங்க, ஆத்தாளுக்குக் காது நல்லா கேக்கும்." உள்ளே ஜன்னலருகில் இருந்த அக்மல் விழுந்து விழுந்து சிரித்தான்.

பெருநாள் அன்றுதான் பெரிய கூத்து. பெருநாளைக்கு வீட்டுக் கதவைச் சாத்தி வைப்பது எங்களில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். சித்தியவானிலிருந்து என் தம்பி ஷாஹ்ருல் குடும்பத்தோடு வந்து இறங்கினான். அவன் பிள்ளைகள் இரண்டுக்கும் மூக்கு ஒழுகியது. அக்கா கேட்டுக்கு மேலே எட்டி, தட்டு தட்டாகக் கெத்துப்பாட் சோறும் ரெண்டாங் கறியும் வெளியே நீட்டினாள். மாமரத்து நிழலில் நின்றபடியே சாப்பிடச் சொன்னாள். "இது என் அக்கா வீடு! நீங்க யாரு என்னை நிறுத்துறதுக்கு?" என்று அவன் குதித்தான். "அக்கா வீடுதான் தம்பி. அக்கா மவன் உயிரோட இருக்கணும்ல? கறி ஆறிப் போவுது, சாப்பிடு." நூஹு சமையலறைக்குள் ஒளிந்துகொண்டார். தம்பி கோபித்துக்கொண்டு போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அன்று ராத்திரி பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. அதற்கு முன்னால் தம்பியாவது கோபமாவது.

இப்படி ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடியது. கடுமையான மருந்தெல்லாம் முடிந்து, வீட்டில் மாத்திரை சாப்பிடுகிற கட்டத்துக்கு வந்தோம். தலையில் பொசுபொசுவென்று முடி முளைத்தது. ஆரோக்கியமாக இருக்கிற ஒன்றிரண்டு பேர் வந்து போகலாம் என்றார் டாக்டர். கூடவே ஒரு எச்சரிக்கை. யாருக்காவது அம்மை கண்டு, அவர்களோடு இவன் இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அவர்களோடு இருந்த நாளிலிருந்து நாலு நாளுக்குள் மருந்து ஏற்றியாக வேண்டும். மற்ற பிள்ளைகளுக்குக் கொப்புளம் போட்டு உதிர்ந்துவிடும். இவனுக்குள் அது நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போய்விடும். அதையும் அக்கா எங்களோடு நின்று கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை முத்தம்மா ஈப்போவுக்கு ஒரு கல்யாண வேலையாக வந்தவள், தன் ஏழு வயது மகள் துளசியை அக்கா வீட்டில் இரண்டு நாள் விட்டுவிட்டுப் போனாள். துளசி சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுப் பாடிக்கொண்டு குதிக்க, இந்தப் பக்கம் அக்மல் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றான். இன்னொரு பிள்ளையோடு விளையாடி எத்தனை மாதம் ஆயிற்று அவனுக்கு! "பெரிம்மா, அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்களேன்" என்று அக்காவிடம் கெஞ்சினான். ஊரையே விரட்டியவள் அந்தக் குரலுக்கு இளகிவிட்டாள். என்னைப் பார்த்தாள். நானும் சரி என்றேன். துளசியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், தொண்டையைக் காட்டச் சொன்னாள், குளிப்பாட்டித் துவைத்த சட்டை போட்டுக் கூட்டி வந்தாள். இரண்டு நாளும் இரண்டும் ஒரே பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு பல்லாங்குழி மாதிரியான சோங்காக் பலகையில் புளியங்கொட்டை போட்டு விளையாடின. அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் முத்தம்மா வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

புதன்கிழமை நடந்ததை அக்கா பிற்பாடு சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் இடைவேளை முடிந்து கேட்டைச் சாத்திவிட்டு, தங்கைக்குப் போன் போட்டிருக்கிறாள். சும்மா, துளசியின் தலைப்பட்டை இங்கேயே கிடக்கிறது என்று சொல்வதற்கு. பேச்சோடு பேச்சாக, "புதன்கிழமைல, மீன்காரன் வந்தானா? என்னா கொழம்பு?" என்று கேட்டிருக்கிறாள்.

"மீன் வாங்கலக்கா. பருப்ப வேக வெச்சேன்."

"தாளிச்சியா?"

"தாளிக்கல."

அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். அவர்கள் வீட்டில் மீன் இல்லாத புதன்கிழமை கிடையாது. தாளிப்பு இல்லாத பருப்பும் கிடையாது. ஒன்றே ஒன்று நடந்தால் மட்டும்தான் அடுப்பில் எண்ணெய் காயாது. அம்மை கண்டால், ஆத்தாள் வீட்டுக்குள் வந்து குழந்தை மேல் விளையாடுகிறாள் என்பது அவர்கள் நம்பிக்கை. தாளிக்க மாட்டார்கள், கறி மீன் சேர்க்க மாட்டார்கள். வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு வெளியே யாரிடமும் மூச்சுவிட மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அதை நோய் என்று வாயால் சொல்வது ஆத்தாளையே ஏசுவது மாதிரி. சொன்னால் அவள் கோபம் அந்தக் குழந்தை மேலேயே திரும்பும்.

"முத்தம்மா, வாசல்ல வேப்பிலை கட்டிருக்கா?"

"கட்டிருக்குக்கா."

"எப்பலேருந்து?"

"முந்தாநாள் காலைல. வாயால கேக்காதக்கா. ஆத்தா சந்தோசமா வெளையாடிட்டுப் போவட்டும். நீயும் யாருகிட்டயும் சொல்லிறாத, எம் புள்ளைக்கு ஆவாது."

அந்த இடத்தில் அக்காவை வைத்துப் பாருங்கள். தீச்சட்டி ஏந்துகிறவள். துளசியைப் பெற்ற மகளாய் நினைக்கிறவள். வாயைத் திறந்தால் துளசிக்கு ஆகாது என்று உள்ளபடியே நம்புகிறவள். வாயைத் திறக்காவிட்டால் அக்மல் போய்விடுவான். எனக்கு அம்மை மேல் அப்படி ஒரு பயம் கிடையாது, டாக்டர் சொன்னதைச் செய்வதில் எனக்கு எந்தக் கஷ்டமும் இருந்திருக்காது. அவளுக்கு அப்படி இல்லை. 

பள்ளிக்கூடக் கேட்டை ஆபீஸில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, சீருடையோடு, கழுத்தில் விசிலோடு வேகாத வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். நான் அப்போது முன்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது, ஆனால் திறக்கவில்லை.

"நஸ்ரியா. துளசிக்கு முந்தாநாளே அம்மை போட்டிருக்கு."

அவள் குரல் தெருவுக்கே கேட்டது. பழனியப்பன் அண்ணன் வீட்டிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று நூஹு சொல்வார். அன்றைக்கு அது உச்சிக்கே ஏறியது. "பூட்டையும் போட்டு, சாவியையும் நீயே வெச்சுக்கிட்டு, கடைசில நீயே கூட்டிட்டு வந்தியாக்கா? உன் வீட்டு வழக்கத்துக்கு எம் புள்ளையா கெடச்சான்? மூணு நாளா வாய மூடிட்டு இருந்தாளா உன் தங்கச்சி?" என்று கண்டபடி கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஈரத் துணியை எறிந்தேன் என்று அக்மல் சொல்கிறான். எறிந்திருப்பேன்.

அக்கா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள். "திட்டுறத அப்புறமா திட்டு. சனிக்கிழமை போயி இன்னிக்கு நாலாம் நாளு. பாய்க்குப் போன் போட்டுட்டேன், கடைலேருந்து வாராரு. புள்ளையக் கெளப்பு" என்றாள். அவ்வளவுதான். அவள் உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மன்னிச்சிரு ஆத்தா, மன்னிச்சிரு ஆத்தா என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது காரில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டார்கள். நரம்பு வழியாக எதிர்ப்பு மருந்தை ஏற்றினார்கள், மாத்திரையும் கொடுத்தார்கள். புற்றுநோய் மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைத்தார்கள். பழைய நோய் திரும்பிவிடுமோ என்று அது வேறு பயம். டாக்டர் என் தோளைத் தொட்டு, நேரத்தோடு சொன்னீர்களே, அதுவே பெரிய காரியம் என்றார். அநேகம் பேர் பிள்ளை உடம்பில் கொப்புளம் கண்ட பிறகுதான் தூக்கிக்கொண்டு வருகிறார்களாம். அதற்குப் பிறகு மருந்துக்கும் கிருமிக்கும் போட்டிதான், யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றார். எப்படித் தெரிந்தது உங்களுக்கு என்று கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்றேன். அந்த அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்றார். நான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் ஆபத்து தாண்டிவிட்டது என்று சொல்ல நான்கு வாரம் ஆகும் என்றார்கள். அந்த நான்கு வாரம்! விடிந்ததும் அக்மலின் சட்டையைக் கழற்றுவேன். வெளிச்சத்தில் நிறுத்தி முதுகு, மார்பு, அக்குள், காது மடல் எல்லாம் பார்ப்பேன். கொசு கடித்த தடிப்பைக் கண்டு ஒரு காலையில் அலறிவிட்டேன். நூஹு பூதக்கண்ணாடியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பாவம், அந்த மனிதர் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை, வந்து ஒரு தடவை, மகனை அதை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

அக்கா வரவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது. கேட்டு சாவியைச் சதாசிவம் அண்ணனிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் குரலே கேட்கவில்லை. முதலில் எனக்கு வீம்பு. பிறகு வெட்கம். போய் நிற்கலாமென்றால், கடைசி நாள் வரைக்கும் என்ன ஆகுமோ என்ற பயம். பிள்ளைக்கு ஏதாவது வந்துவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன், அவள்தான் என் முகத்தில் எப்படி விழிப்பாள்?

ஒரு நாள் வேலியருகில் சதாசிவம் அண்ணனே சொன்னார். "துளசிக்கு நல்லாயிருச்சும்மா. தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. ஆனா இவளக் கூப்பிடல. ஆத்தாள நோயின்னு தெருவுல நின்னு தம்பட்டம் அடிச்சவ எம் வாசல மிதிக்கக் கூடாதுன்னு முத்தம்மா சொல்லிட்டா. போன் போட்டா எடுக்க மாட்டேங்குறா. இவ சரியாச் சோறே திங்கறதில்ல."  என் பிள்ளைக்காகக் கூடப்பிறந்தவளை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், இதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் வந்து சொல்லவில்லை.

நான்கு வாரம் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் அக்மலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அம்மை இவனைத் தொடவில்லை, மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொன்ன சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. நூஹு அந்த மனுஷி கையைப் பிடித்துக் குலுக்கப் போய், சட்டென்று கூச்சப்பட்டு நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்.

கார் எங்கள் வீட்டு முன்னால் நின்றதும் நான் வீட்டுக்குள் போகவில்லை. அக்மலைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா வேலை முடிந்து வந்து, சீருடையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். கேட்கப் பயந்துகொண்டு பிள்ளையின் முகத்தையே பார்த்தாள்.

நான் அக்மலின் சட்டையை மேலே தூக்கினேன். "பெரிம்மாக்குக் காட்டு" என்றேன். அவன் சட்டையைக் கழுத்து வரைக்கும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் காட்டினான், திரும்பி முதுகைக் காட்டினான். அக்கா கிட்டே வந்து குனிந்தாள். பிடரியில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் பார்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். கையைத் தூக்கச் சொல்லி அக்குளில் பார்த்தாள்.

"ஒன்னும் இல்ல" என்றாள். அவளுக்கே கேட்காத மாதிரி இன்னொரு தடவை, "ஒன்னுமே இல்ல லா" என்றாள். அப்படியே படியில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நீ வாயத் தொறந்ததுனாலதான் இவன் இருக்கான். அன்னிக்கு நான் பேசின பேச்சுக்கு என் வாயிலேயே நாலு போடு. உன் தங்கச்சி பேசலன்னா போவட்டும், நான் இல்லையா உனக்குத் தங்கச்சியா?"

அவள் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். "உன் வாய்க்கு அவளே பரவால்ல லா" என்றாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவளும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் மறுபடி அழுதோம். அக்மல் பாவம், இத்தனை நேரமும் முதுகைக் காட்டியபடி, சட்டையைக் கழுத்துவரை பிடித்துக்கொண்டு எங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"பெரிம்மா, பாத்தாச்சா? சட்டைய எறக்கலாமா?"

"இருடா, இன்னொரு தடவ பாத்துக்கிறேன்" என்றாள் ராக்காயி அக்கா.